வைஃபை இணைகிறது, ஐபி முகவரி மட்டும் வரவில்லை: எந்த வரிசையில் பார்ப்பது

வைஃபை பட்டியலில் பெயர் தெரிகிறது, பாஸ்வேர்டும் சரி, சிக்னலும் முழுசாக இருக்கிறது. ஆனால் கணினி "இணையம் இல்லை" என்றோ, "சரியான ஐபி அமைப்பு இல்லை" என்றோ சொல்லிவிட்டு அப்படியே நிற்கிறது. ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் கணினியை அடையாளம் காட்டும் எண், அதற்குக் கிடைக்கவில்லை. இந்தச் சிக்கலோடு நான் நிறைய மல்லாடியிருக்கிறேன். தேடினால் கிடைப்பதெல்லாம் கட்டளைகளின் பட்டியல்தான். எதை எதற்காகச் செய்கிறோம், செய்தால் எது அழியும் என்று சொல்பவர்கள் குறைவு. அதை நம்பி ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனால், கோளாறு ரவுட்டரில் இருக்க, கணினியில் நன்றாக இருந்த அமைப்புகளும் போய்விடும்.

அதனால் இங்கே ஒரு வரிசை வைத்திருக்கிறேன். முதலில் கோளாறு கணினியிலா ரவுட்டரிலா என்று பிரித்துவிட வேண்டும். அப்புறம் எளிதில் பழையபடி மாற்றிக்கொள்ளக்கூடியவை. அழித்துவிட்டு மறுபடி தொடங்கும் வேலைகள் கடைசியில். முதல் ஐந்து படிகளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், அவசரமான வேலை இருக்கும் நாளில் தொடங்காதீர்கள்.

பெரும்பகுதி விண்டோஸ் 10, 11 கணினிகளுக்கானது. லினக்ஸ், ஆப்பிள் கணினிகளுக்குத் தனியே கொஞ்சம் சொல்லியிருக்கிறேன். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். ஐபிகான்ஃபிக் என்பது ஐ, பி, சி, ஓ, என், எஃப், ஐ, ஜி என்ற எட்டு எழுத்து, நடுவில் இடைவெளி கிடையாது. நெட்ஷ் என்பது என், ஈ, டி, எஸ், எச். சாய்கோடு வரும் இடத்தில் அதற்கு முன்னால் ஓர் இடைவெளி விடுங்கள், பின்னால் வேண்டாம்.

1. தொடங்கும் முன் கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்துக்குப் போகும் முகவரி, பயனர்பெயர், பாஸ்வேர்டு எல்லாம் அதில்தான் இருக்கும். வைஃபை பாஸ்வேர்டும் இந்த நிர்வாக பாஸ்வேர்டும் வெவ்வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இணைய நிறுவனம் இணைப்புக் கொடுத்தபோது தனியாக ஒரு பயனர்பெயரும் பாஸ்வேர்டும் தந்திருந்தால் அந்தக் காகிதத்தையோ மெயிலையோ தேடி எடுத்து வையுங்கள். எல்லா இணைப்புக்கும் அது இருக்காது. இருந்து, அது தொலைந்துபோயிருந்தால், 8ஆம் படிக்கு மட்டும் போகவே போகாதீர்கள்.

ஒரு லேன் கேபிளும், மொபைல் டேட்டா உள்ள போனும் அதன் யுஎஸ்பி கேபிளும் இருந்தால் நல்லது. போனில் யுஎஸ்பி டெதரிங் போட்டால் வைஃபை இல்லாமலேயே கணினிக்கு இணையம் கிடைக்கும், டிரைவர் (வைஃபை கார்டை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) இறக்க அதுவே கைகொடுக்கும்.

கணினி அலுவலகத்துடையது என்றால் பல படிகளுக்கு நிர்வாகி அனுமதி வேண்டும். 2, 3 இரண்டையும் மட்டும் செய்து, கிடைத்த விவரத்தோடு அங்குள்ள ஐடி ஆட்களிடம் போங்கள்.

செலவு என்று பார்த்தால் 9ஆம் படி வரை ஒரு காசு கூட ஆகாது. அதற்கு முன்பே யாராவது புது ரவுட்டர் வாங்கச் சொன்னால் கொஞ்சம் பொறுங்கள்.

2. கணினிக்கு இப்போது என்ன முகவரி இருக்கிறது

ஸ்டார்ட் மெனுவில் சிஎம்டி என்று தட்டி, வரும் கறுப்புத் திரையில் ஐபிகான்ஃபிக் /ஆல் கொடுங்கள். நீளமாக ஓடும். "வயர்லெஸ் லேன் அடாப்டர் வைஃபை" என்று தொடங்கும் பகுதியை மட்டும் பாருங்கள். நட்சத்திரக் குறியோடு வரும் லோக்கல் ஏரியா கனெக்‌ஷன்கள், புளூடூத், விபிஎன், விர்ச்சுவல் மெஷின் அடாப்டர்கள் எல்லாம் அதே பட்டியலில் வரிசையாக நிற்கும். புதியவர்கள் பெரும்பாலும் அதில் ஒன்றைப் பார்த்துவிட்டு "துண்டிக்கப்பட்டிருக்கிறது" என்று பயந்துவிடுகிறார்கள்.

அந்தப் பகுதியில் ஐபிவி4 முகவரி 169.254 என்று தொடங்கினால், உங்கள் கணினி முகவரி கேட்டது, யாரும் பதில் தரவில்லை, அதனால் தானே ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று பொருள். டீஃபால்ட் கேட்வே (வெளியே போகும் வாசலான ரவுட்டரின் முகவரி) என்ற வரியும் காலியாக இருக்கும். இந்தக் கட்டுரை முழுக்க இந்த நிலைமைக்காகத்தான்.

192.168 என்றோ, 10 என்றோ, 172.16 முதல் 172.31 வரைக்குள்ளோ தொடங்கி, கேட்வேயும் இருந்தால் உங்களுக்கு முகவரி கிடைத்துவிட்டது. இணையம் வராததற்குக் காரணம் டிஎன்எஸ்ஸாகவோ (தளத்தின் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் சேவை) இணைய நிறுவனமாகவோ இருக்கலாம். விடுதி, நூலகம் போன்ற பொது வைஃபை என்றால் பிரவுசரைத் திறந்து உள்நுழைவுப் பக்கம் வருகிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சரிபார்த்துவிட்டு நகருங்கள்: அந்த எண்ணின் முதல் மூன்று பகுதிகள் நன்றாக வேலை செய்யும் போனில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா? இல்லையென்றால் 7ஆம் படியில் இரண்டு ரவுட்டர் பற்றிச் சொல்லியிருப்பதைப் படியுங்கள்.

"மீடியா டிஸ்கனெக்டட்" என்று இருந்தால் வைஃபையோடு கணினி இன்னும் சேரவே இல்லை. முகவரிப் பேச்சே அதற்கப்புறம்தான், முதலில் பாஸ்வேர்டையும் சிக்னலையும் கவனியுங்கள்.

டிஎச்சிபி என்பது ரவுட்டர் தானாக முகவரி கொடுக்கும் முறை. "டிஎச்சிபி எனேபிள்டு" என்ற வரி "நோ" என்று காட்டினால், யாரோ எப்போதோ கையால் முகவரி போட்டுவைத்திருக்கிறார்கள். நேராக 4ஆம் படியின் மூன்றாவது பகுதிக்குப் போங்கள்.

உள்ளே நடப்பது இவ்வளவுதான்: கணினி "யாராவது முகவரி கொடுங்கள்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்கிறது, ரவுட்டர் ஒரு முகவரியைக் காட்டுகிறது, கணினி அதையே தரச்சொல்கிறது, ரவுட்டர் சரி என்கிறது. நான்கு செய்திகள். எது தொலைந்தாலும் முடிவில் 169.254தான். விண்டோஸ் அதற்கப்புறமும் சுமார் 5 நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி கேட்டுக்கொண்டிருக்கும். ரவுட்டரில் ஏதாவது சரிசெய்துவிட்டு உடனே பலன் தெரியவில்லையே என்று மாற்றியதை மறுபடி கலைத்துவிடாதீர்கள்.

3. கோளாறு எந்தப் பக்கம்

இன்னொரு கருவியை, போனோ வேறு லேப்டாப்போ, அதே வைஃபையில் இணைத்துப் பார்க்க வேண்டும். இதில் ஒரு பொறி இருக்கிறது. ஏற்கெனவே இணைந்திருக்கும் போன் வேலை செய்கிறது என்பது எதையும் நிரூபிக்காது. அது காலையிலேயே வாங்கிய முகவரியை இன்னும் வைத்திருக்கலாம், ரவுட்டர் இப்போது புதிதாக எதையும் கொடுக்க முடியாத நிலையில் இருக்கலாம். அதனால் போனில் அந்த வைஃபையை மறக்கச் செய்து, பாஸ்வேர்டு போட்டு மறுபடி இணையுங்கள். முடிந்தால் இதுவரை அந்த வைஃபையில் சேராத ஒரு கருவியை எடுங்கள், அதுதான் நம்பகமான சோதனை.

புதிய கருவிக்கும் முகவரி வரவில்லை என்றால் கணினியைத் தொடாதீர்கள், 7ஆம் படிக்குப் போங்கள். புதிய கருவிக்கு வந்து, கணினிக்கு மட்டும் வரவில்லை என்றால் அடுத்த படி.

லேன் கேபிள் இருந்தால் அதே கணினியை ரவுட்டரில் நேரடியாகச் செருகிப் பாருங்கள். கேபிளில் முகவரி வந்துவிட்டால் ரவுட்டரின் டிஎச்சிபி உயிரோடு இருக்கிறது, விண்டோஸின் டிஎச்சிபி சேவையும் ஓடுகிறது என்று ஒரே நேரத்தில் தெரிந்துவிடும். மிஞ்சுவது வைஃபை டிரைவர், வைஃபை பாதுகாப்பு அமைப்பு, மேக் முகவரி (கருவியின் வன்பொருள் அடையாள எண்) பார்த்து ரவுட்டர் செய்யும் வடிகட்டல், இவ்வளவுதான். இரண்டு நிமிட வேலை, ஆனால் பாதிப் படிகளை மிச்சப்படுத்தும்.

4. கணினியில் எளிதாகச் செய்யக்கூடியவை

முதலில் ரீஸ்டார்ட். ஷட்டவுன் செய்து பவர் பட்டனை அழுத்துவதும் ரீஸ்டார்ட்டும் விண்டோஸில் ஒன்றல்ல. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கணினியில் ஷட்டவுன் செய்தால் இயங்குதளத்தின் உட்பகுதியும் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அப்படியே திரும்ப வரும். மெனுவில் ரீஸ்டார்ட் என்பதையே தேர்ந்தெடுங்கள்.

இரண்டாவது, வைஃபை பெயரை மறக்கச் செய்து மறுபடி சேருங்கள். பாஸ்வேர்டு தப்பு என்றால் இன்றைய டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 ரவுட்டர்கள் வாசலிலேயே நிறுத்திவிடும். ஆனால் டபிள்யூஈபி வகைப் பாதுகாப்பில் ஓடும் பழைய ரவுட்டர்களில் சாவி தப்பாக இருந்தாலும் "இணைந்தது" என்று காட்டிவிட்டு முகவரி மட்டும் வராமல் நிற்பது உண்டு. உங்கள் ரவுட்டர் அப்படிப்பட்டது என்றால் பாஸ்வேர்டை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். டபிள்யூஈபியை எளிதில் உடைத்துவிடலாம் என்பதால் அந்த ரவுட்டரை மாற்றுவதுதான் நல்லது.

மூன்றாவது, முகவரி தானாகப் பெறப்படும்படி இருக்கிறதா என்று பாருங்கள். இதை இரண்டு இடத்தில் பார்க்க வேண்டும். செட்டிங்ஸில் வைஃபை பெயரின் பண்புகளில் ஐபி ஒதுக்கீடு தானியங்கி டிஎச்சிபி என்று இருக்க வேண்டும். அதோடு விண்டோஸ் விசையும் ஆர் விசையும் சேர்த்து அழுத்தி என்சிபிஏ.சிபிஎல் என்று தட்டினால் வரும் பழைய சாளரத்தில் வைஃபை அடாப்டரின் ப்ராபர்ட்டீஸில் ஐபிவி4 வரியைத் திறந்து, அங்கேயும் தானாகப் பெறு என்பது தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே எண்கள் இருந்தால் அழிப்பதற்கு முன் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, சிஎம்டியை நிர்வாகியாகத் திறந்து ஐபிகான்ஃபிக் /ரிலீஸ், அப்புறம் ஐபிகான்ஃபிக் /ரினியூ. ரினியூவுக்கு ஒரு நிமிடம் வரை ஆகலாம், நடுவில் சாளரத்தை மூடிவிடாதீர்கள். ரிலீஸ் கொடுக்கும்போது "முகவரி இன்னும் இணைக்கப்படவில்லை" என்கிற மாதிரிப் பிழை வந்தால் கவலை வேண்டாம், விடுவிக்க எதுவும் இல்லை என்கிறது, அவ்வளவுதான். ரினியூவில் "டிஎச்சிபி சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை" என்று வந்தால் பதில் வரவில்லை என்பது உறுதியாகிவிட்டது.

ஐந்தாவது, விபிஎன் மென்பொருளையும் தனியாக நிறுவிய ஆன்டிவைரஸ், ஃபயர்வாலையும் பாருங்கள். டிஎச்சிபி யுடிபி 67, 68 போர்ட்களில் பேசுகிறது, அதை இவை தடுத்துவிடலாம். "நிறுத்திவை" என்று கொடுப்பது பல நேரம் போதாது, அவற்றின் வடிகட்டி டிரைவர் அடாப்டரோடு ஒட்டியே இருக்கும். சந்தேகம் வந்தால் முழுதாக நீக்கி, ரீஸ்டார்ட் செய்து சோதித்துவிட்டு மறுபடி நிறுவுங்கள். லைசென்ஸ் எண்ணை முதலில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாவது, ஸ்டார்ட் மெனுவில் சர்வீசஸ் என்று தேடித் திறந்து, டிஎச்சிபி கிளையன்ட், டபிள்யூலேன் ஆட்டோகான்ஃபிக் இரண்டும் ஓடுகின்றனவா, தானியங்கி என்று இருக்கின்றனவா என்று பாருங்கள். கணினியை வேகமாக்குகிறேன் என்று சொல்லும் சில மென்பொருள்கள் சேவைகளை நிறுத்திவைத்துவிடும்.

5. கையால் ஒரு முகவரி கொடுத்துப் பாருங்கள்

இந்தப் படியைப் பலர் தவிர்க்கிறார்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது, ஏனென்றால் ஊகத்துக்கு இடமில்லாமல் இது பதில் சொல்லிவிடும். வைஃபையில் தரவு போய்வருகிறதா, இல்லை டிஎச்சிபி மட்டும்தான் படுத்துவிட்டதா?

வேலை செய்யும் போனில் வைஃபை விவரத்தைத் திறந்து, அதன் முகவரியையும் கேட்வேயையும் குறித்துக்கொள்ளுங்கள். உதாரணமாக, போன் 192.168.1.104, கேட்வே 192.168.1.1 என்றால், கணினிக்கு 192.168.1.240 கொடுக்கலாம். வேறு எந்தக் கருவியும் வைத்திருக்காத, ரவுட்டர் தானாக யாருக்கும் கொடுக்காத எண்ணாக இருக்க வேண்டும். கேட்வே 192.168.1.1, டிஎன்எஸ் 1.1.1.1 அல்லது 8.8.8.8. சப்நெட் மாஸ்க் 255.255.255.0. விண்டோஸ் 10 செட்டிங்ஸில் அந்த இடத்தில் "சப்நெட் ப்ரீஃபிக்ஸ் நீளம்" என்று கேட்கும், அங்கே 24 என்று மட்டும் போடுங்கள். 255.255.255.0 என்று போட்டால் சேமிக்க முடியாது என்று சொல்லும், காரணமும் சொல்லாது.

இப்போது சிஎம்டியில் பிங் 192.168.1.1 கொடுங்கள், ரவுட்டர் பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை இது. பதில் வரும் வரிகளில் யாரிடமிருந்து வருகிறது என்பதைக் கவனியுங்கள். 192.168.1.1இலிருந்து வந்தால் வெற்றி. உங்கள் சொந்த முகவரியான 192.168.1.240இலிருந்தே "டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்" என்று வந்தால் அது தோல்வி, கீழே "நான்கு அனுப்பியது, நான்கு பெற்றது, இழப்பு 0" என்று அழகாகக் காட்டினாலும் தோல்விதான்.

பிங் வெற்றி என்றால் வன்பொருள், டிரைவர், பாஸ்வேர்டு எல்லாம் நலம், டிஎச்சிபிதான் கோளாறு. ஒன்று கணினியில் அதை ஏதோ தடுக்கிறது, இல்லையேல் ரவுட்டரிடம் கொடுக்க முகவரி இல்லை. 7ஆம் படிக்குப் போங்கள். பிங் தோல்வி என்றால் டிரைவர் அல்லது ரவுட்டரின் வடிகட்டல். 6ஆம் படி, அப்புறம் 7.

சோதனை முடிந்ததும் அமைப்பைத் தானியங்கிக்கே திருப்பிவிடுங்கள். வேலை செய்கிறதே என்று அப்படியே விட்டால், லேப்டாப்பை வேறு இடத்துக்குக் கொண்டுபோன அன்று மறுபடி இதே சிக்கல், காரணமும் மறந்துபோயிருக்கும்.

6. கணினியில் கொஞ்சம் பெரிய வேலைகள்

நிர்வாகியாகத் திறந்த சிஎம்டியில் நெட்ஷ் வின்சாக் ரீசெட், அடுத்து நெட்ஷ் இன்ட் ஐபி ரீசெட், அப்புறம் ரீஸ்டார்ட். இரண்டாவது கட்டளையில் ஏதாவது ஒரு வரியில் "அனுமதி மறுக்கப்பட்டது" என்று வருவது உண்டு, மற்ற வரிகள் சரி என்றால் தொடரலாம். கையால் போட்ட முகவரிகள் இதில் அழிந்துவிடும்.

அடுத்து டிரைவர். டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் தாவலில் "மின்சாரம் சேமிக்க இந்தக் கருவியை அணைக்கலாம்" என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். கணினி தூங்கி எழுந்த பிறகு மட்டும் இந்தச் சிக்கல் வருகிறவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். விண்டோஸ் அப்டேட்டுக்கு அடுத்த நாள் தொடங்கியது என்றால் டிரைவர் தாவலில் ரோல்பேக் கொடுங்கள். அந்தப் பட்டன் மங்கலாக இருந்தால் பழைய டிரைவர் கையில் இல்லை என்று பொருள்.

டிரைவரை நீக்கி மறுபடி நிறுவுவதற்கு முன், தயவுசெய்து, கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான வைஃபை டிரைவரை இறக்கிக் கணினியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நீக்கும்போது "டிரைவர் மென்பொருளையும் அழி" என்று ஒரு டிக் கேட்கும். அதைப் போட்டுவிட்டு, புதிய டிரைவரும் இல்லை, லேன் போர்ட்டும் இல்லாத மெல்லிய லேப்டாப் என்றால், போன் டெதரிங்கைத் தவிர வழியே இருக்காது.

நெட்வொர்க் ரீசெட் என்று செட்டிங்ஸிலேயே ஒன்று உண்டு. அது எல்லா அடாப்டர்களையும் நீக்கி மறுபடி நிறுவும். சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள் போகும், விபிஎன் மென்பொருளையும் மறுபடி அமைக்க வேண்டிவரலாம். திறந்திருக்கும் கோப்புகளைச் சேமித்துவிட்டுச் செய்யுங்கள், கொடுத்த கொஞ்ச நேரத்தில் கணினி தானே ரீஸ்டார்ட் ஆகும்.

லினக்ஸ் என்றால் முதலில் நெட்வொர்க் மேனேஜரை மறுதொடக்கம் செய்து பாருங்கள்: சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் நெட்வொர்க்மேனேஜர், இதில் நெட்வொர்க்மேனேஜர் என்பதன் என், எம் இரண்டும் பெரிய எழுத்து. நெட்வொர்க் மேனேஜரும் தனியாக நிறுவிய இன்னொரு டிஎச்சிபி மென்பொருளும் ஒரே அடாப்டருக்காகச் சண்டை போடுகின்றனவா என்றும் பாருங்கள். ஆப்பிள் கணினியில் சிஸ்டம் செட்டிங்ஸ், வைஃபை, இணைப்பின் விவரம், டிசிபி/ஐபி என்று போனால் "ரினியூ டிஎச்சிபி லீஸ்" பட்டன் இருக்கும். அங்கும் 169.254 என்றால் இதே பொருள்தான்.

7. ரவுட்டரில் பார்க்க வேண்டியவை

மின்சாரத்தைப் பிடுங்கி அரை நிமிடம் விட்டு மறுபடி போடுங்கள். முழுதாக எழ இரண்டு மூன்று நிமிடம் கொடுங்கள். இதிலேயே சரியாகிவிட்டால் மகிழ்ச்சி, ஆனால் சில நாளில் திரும்ப வந்தால் காரணம் இன்னும் உள்ளே இருக்கிறது, கீழே படியுங்கள்.

பிரவுசரில் கேட்வே எண்ணைத் தட்டி நிர்வாகப் பக்கத்துக்குப் போங்கள். டிஎச்சிபி சர்வர் இயக்கத்தில் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. இரண்டாவது, எந்த எண் முதல் எந்த எண் வரை கொடுக்கிறது. தங்கும் விடுதி அறைகள் மாதிரிதான் இது: இத்தனை அறை, ஒவ்வொன்றுக்கும் இத்தனை மணி நேரம், விருந்தினர் சொல்லாமல் கிளம்பினாலும் நேரம் முடியும்வரை அந்த அறை அடுத்தவருக்குக் கிடையாது. 100 முதல் 110 வரை என்று இருந்தால் மொத்தமே 11 முகவரி. போன்கள், டிவி, கேமரா, வந்துபோகும் நண்பர்கள் என்று எளிதில் தீர்ந்துவிடும். 100 முதல் 200 வரை என்று விரித்துவிடுங்கள். பலர் வந்துபோகும் இடம் என்றால் லீஸ் நேரத்தை, அதாவது ஒரு கருவி ஒரு முகவரியை வைத்திருக்கும் நேரத்தை, 24 மணியிலிருந்து 2 மணியாகக் குறையுங்கள்.

மேக் முகவரி விஷயம் இப்போது ரொம்பவே முக்கியமாகிவிட்டது. தனியுரிமைக்காகப் போன்களும் விண்டோஸும் வைஃபைக்குப் பொய்யான மேக் முகவரியைக் காட்ட முடியும். விண்டோஸில் அதற்கு "ரேண்டம் ஹார்ட்வேர் அட்ரஸ்" என்று பெயர், தினமும் மாற்று என்றுகூட வைக்கலாம். அப்படி மாறும்போதெல்லாம் ரவுட்டருக்கு அது புதிய கருவி, ஒரு முகவரி கூடுதலாகச் செலவு. ரவுட்டரில் மேக் வடிகட்டல் போட்டிருந்தால் இன்னும் மோசம், நேற்று அனுமதித்த கணினியை இன்று அதற்கு அடையாளமே தெரியாது. உங்கள் சொந்த வைஃபைக்கு மட்டும் இந்த வசதியை அணைத்துவிடுங்கள், பொது இடங்களில் இருக்கட்டும்.

அப்புறம் இரண்டு ரவுட்டர் பிரச்சினை. பழைய ரவுட்டரை எக்ஸ்டெண்டர் (வைஃபை சிக்னலை நீட்டும் கருவி) போலப் பயன்படுத்தும்போது அதன் டிஎச்சிபியை அணைக்க மறந்துவிட்டால் இரண்டும் முகவரி கொடுக்கும், யார் முந்துகிறார்களோ அவர்கள் கொடுத்ததுதான். சில கருவிகள் ஓடும், சில ஓடாது, நேற்று ஓடியது இன்று ஓடாது. இப்படி ஒழுங்கே இல்லாமல் நடந்தால் இதைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள். கூடுதல் ரவுட்டரையும் எக்ஸ்டெண்டரையும் அணைத்துவிட்டு முதன்மை ரவுட்டர் பக்கத்தில் உட்கார்ந்து சோதியுங்கள்.

கணினி பழையது என்றால் பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 கலந்ததிலிருந்து வெறும் டபிள்யூபிஏ2 ஏஈஎஸ்க்கு மாற்றிப் பார்க்கலாம்.

8. ரவுட்டரைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்புவது

ஊசித்துளைப் பட்டனைப் பத்து விநாடி அழுத்தினால் போதும் என்று எல்லோரும் சுலபமாகச் சொல்வார்கள். அழுத்தினால் இணைய நிறுவனத்தின் பயனர்பெயர், பாஸ்வேர்டு, சில இணைப்புகளில் விலேன் எண் (இணைப்பைப் பிரித்துக் காட்ட நிறுவனம் தரும் எண்) எல்லாம் அழியும். அவை கையில் இல்லையென்றால் வைஃபை முகவரி கிடைக்கும், இணையம் யாருக்குமே கிடைக்காது, வாடிக்கையாளர் சேவைக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். நிர்வாகப் பக்கத்தில் அமைப்பைக் கோப்பாகச் சேமிக்கும் வசதி இருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள், அமைப்புப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் படமும் எடுத்துவையுங்கள்.

9. பணம் செலவழிக்க வேண்டி வந்தால்

கணினியில் மட்டும் கோளாறு, டிரைவரும் மாற்றியாயிற்று என்றால் யுஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கிச் சோதியுங்கள். அதில் முகவரி வந்தால் உள்ளே இருக்கும் வைஃபை கார்டு போய்விட்டது. யுஎஸ்பி அடாப்டர்தான் மலிவான தீர்வு. உள் கார்டை மாற்றுவதும் பல லேப்டாப்களில் முடியும், ஆனால் சிலவற்றில் அது போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், திறப்பதற்கு முன் மாடலைத் தேடிப் பாருங்கள். வாரண்டி இருந்தால் எதையும் திறக்காதீர்கள்.

யுஎஸ்பி அடாப்டரிலும் 169.254 வந்து, மற்ற கருவிகளுக்கு முகவரி கிடைக்கிறது என்றால் கோளாறு விண்டோஸில்தான். கோப்புகளை வேறு இடத்தில் படியெடுத்துவிட்டு விண்டோஸை மறுபடி நிறுவ வேண்டிவரும்.

எந்தக் கருவிக்குமே வரவில்லை என்றால் இணைய நிறுவனத்துக்கு அழையுங்கள். ரவுட்டர் அவர்களுடையதாக இருந்தால் மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். பேசும்போது ஐபிகான்ஃபிக் /ஆல் கொடுத்த திரையின் படம், கேபிளில் முகவரி வந்ததா இல்லையா, கையால் போட்ட முகவரியில் பிங் ஓடியதா, ரவுட்டரின் டிஎச்சிபி வரம்பு என்ன, இந்த நான்கையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். "ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்தீர்களா" என்ற கேள்வியிலேயே நின்றுவிடாமல் பேச்சு அடுத்த கட்டத்துக்கு நகரும். புகார் எண்ணையும், எப்போது ஆள் வருவார் என்று சொன்னதையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.